பக்கவாத ஊசிச் சம்மதத் தாள்: 'ரிஸ்க்–பெனிஃபிட்'டுக்கு என்ன சொல்? (வெள்ளிக்கிழமை அச்சு)

திருவாரூர், மொழிபெயர்ப்பாளர்:
ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுமுன் குடும்பத்தார் கையெழுத்திடும் தாள், ஒரே பக்கம். தலைப்பு 'இடர்–பயன் வாய்ப்பு' என்று வைத்திருக்கிறேன். உடன்பாடா?

கும்பகோணம், தமிழாசிரியர்:
'வாய்ப்பு' கூடாது. வாய்ப்பது நல்லதுதான். 'மூளையில் ரத்தம் கசிய வாய்ப்பு' என்றால் வேலைவாய்ப்பு போல ஒலிக்கிறது. பள்ளிக் கணக்கிலேயே 'நிகழ்தகவு' இருக்கிறது. 'இடர்' இருக்கட்டும், கால் 'இடறு'வதன் உறவு அது. அழிவது, ஆவது, ஊதியம் மூன்றையும் சூழ்ந்து செய் என்பது 461ஆம் குறள். ஆகவே 'ஆவழிவுச் சூழ்ச்சி' என்பேன்.

மன்னார்குடி, செவிலியர் பயிற்றுநர்:
ஐயா, 'சூழ்ச்சி' என்று அச்சடித்தால் கையெழுத்தா போடுவார்கள்? எழுந்து போய்விடுவார்கள்.

நாகப்பட்டினம், கல்வெட்டு ஆர்வலர்:
இடையின ரகரமும் வல்லின றகரமும் எப்படி உறவாகும்? 'இடுக்கு', 'இடுக்கண்' பக்கம் தேடுங்கள்.

கும்பகோணம்:
அதைத் தனி இழையில் பேசுவோம். விடமாட்டேன்.

தஞ்சாவூர், நரம்பியல் மருத்துவர்:
சொல்லுக்கு முன் எண்ணைப் பாருங்கள். வரைவில் பயன் 'ஒன்றரை மடங்கு', ரத்தக்கசிவு '100க்கு 6' என்று இருக்கிறது. ஒன்றை மடங்கிலும் மற்றதை நூற்றுக்கணக்கிலும் சொன்னால் தராசின் இரு தட்டிலும் வேறு வேறு படிக்கல். கசிவையும் மடங்கில் சொன்னால் பத்து மடங்கு. யாரும் ஊசியே வேண்டாம் என்பார்கள்.

1995இல் வந்த அமெரிக்க ஆய்வில் மூன்று மணி நேரத்துக்குள் போட்டார்கள். மூன்று மாதம் கழித்து ஊனம் ஏறக்குறைய இல்லாதவர்கள் ஊசி போட்ட 100 பேரில் 39, போடாத 100 பேரில் 26. வேறுபாடு 13, எட்டுப் பேருக்குப் போட்டால் கூடுதலாக ஒருவர் தேறுகிறார். அறிகுறியோடு மூளைக் கசிவு 6.4, போடாதவர்களில் 0.6. ஏறத்தாழ 17 பேருக்கு ஒருவர்.

13இலிருந்து 6ஐக் கழித்துவிடாதீர்கள். கசிவு வந்தவர்களும் அந்த மூன்று மாதக் கணக்கிலேயே அடக்கம். கழித்தால் ஒரே நட்டத்தை இருமுறை எழுதியதாகும்.

மன்னார்குடி:
அப்படியானால் 'கண்டுமுதல்' என்று போடலாமே! களத்தில் தூற்றி, பதர் போக, மரக்காலில் அளந்து கண்டது. சேதம் கழிந்து நின்ற பயன். டெல்டாவில் யாருக்கும் விளக்க வேண்டாம்.

திருவாரூர்:
அழகான சொல். ஆனால் இரவு பதினொரு மணிக்கு அவசரப் பிரிவில் நெல் விலை ஞாபகம் வரும். தவிர, இந்தத் தாள் கோயம்புத்தூருக்கும் போகிறது.

தஞ்சாவூர்:
பாடப்புத்தகத்துக்கு 'கண்டுமுதல்' எனக்குச் சம்மதம். 'எட்டுப் பேருக்கு ஒருவர்' என்பதற்கும் அங்கே ஒரு பெயர் வேண்டும், 'பயனெண்' போதும். எந்தப் பயனெண்ணும் நேரத்தோடு கட்டியது. 2008இல் வந்த ஐரோப்பிய ஆய்வில் மூன்று முதல் நாலரை மணிக்குள் போட்டவர்களுக்கு அது ஏறக்குறைய பதினான்கு.

மன்னார்குடி:
நேரத்துக்கான கட்டத்தையும் திருத்துங்கள். 'நோய் தொடங்கிய நேரம்' என்றால் வீட்டார் பார்த்த நேரத்தை எழுதுகிறார்கள். காலையில் எழும்போதே கை விழுந்திருந்தால், கடைசியாக நன்றாக இருந்த நேரம்தான் கணக்கு. இரவு படுத்தபோது நன்றாக இருந்தார் என்றால் அதை எழுத வேண்டும்.

திருவாரூர்:
திருத்திவிட்டேன். தலைப்பு: 'நன்மை, ஆபத்து: 100 பேரில் எத்தனை பேருக்கு?' நால்வர் சரி என்கிறார்கள்.

கும்பகோணம்:
'ஆபத்து' வடசொல். என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். 'இடறு' இழை நாளை.