கலைச்சொல் தேவை: குதிரையின் குடற்சுவருக்குள் பொதிந்திருக்கும் இளம்புழு

செ. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். குதிரை, கழுதை வளர்ப்போருக்கும் கால்நடை உதவியாளர் வகுப்புக்குமான குடற்புழுக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சயத்தோஸ்டோமின் இனப் புழுக்களுக்குக் ‘கிண்ணவாய்ப்புழு’ என்று சென்ற வாரம் முடிவானது. இவற்றின் இளம்புழு பெருங்குடல், குருட்டுக்குடல் சுவருக்குள் புகுந்து, தன்னைச் சுற்றி ஒரு நார்க்கூடு உருவாக, உள்ளேயே மாதக்கணக்கில், சில வேளை இரண்டாண்டுக்கு மேலும், தங்கிவிடும். அந்த நிலையில் உள்ள புழுவுக்கு ஒரு சொல் வேண்டும். நான் எழுதி வைத்திருப்பது ‘கூட்டுப்புழு’.

இரா. எழுதியது:

செ. அவர்களே, கூட்டுப்புழு கூடவே கூடாது. பட்டுப்பூச்சியும் வண்ணத்துப்பூச்சியும் படித்த எந்தப் பிள்ளைக்கும் அது வேறு பொருள். ‘உறைபுழு’ என்று வினைத்தொகையாகச் சொல்லலாம். உறைந்த புழு, உறைகின்ற புழு, உறையும் புழு என்று முக்காலமும் அடங்கும். உறைதல் என்றால் தங்குதல், அசைவற்று இறுகுதல் இரண்டும்தான். இந்தப் புழு இரண்டையும் செய்கிறது.

ம. எழுதியது:

ஐயா, அச்சுக்கூடத்தில் யாராவது ஒரு ‘ப்’ சேர்த்தால் அது ‘உறைப்புழு’ ஆகிவிடும். உறையை உடைய புழு என்று பொருள் மாறும். ஒற்று மிகாமல் எழுத எத்தனை பேருக்குத் தெரியும்?

டாக்டர் வ. எழுதியது:

ஒற்றுச் சிக்கலோடு இது நிற்கவில்லை அம்மா. ‘உறை’ என்ற சொல்லே இங்கு ஆபத்து. சாணத்தில் பொரித்த புழு இருமுறை தோலுரித்து மூன்றாம் நிலையை அடையும்போது, இரண்டாம் நிலைத் தோலைக் கழற்றாமல் போர்வையாக வைத்துக்கொள்கிறது. புல் நுனியில் மேய்ச்சலுக்குக் காத்திருக்கும் தொற்றுநிலைப் புழு அதுதான். வெயிலையும் குளிரையும் தாங்குவது அந்த உறையால். குதிரையின் வயிற்றுக்குள் போனபின் உறையைக் கழற்றிவிட்டுத்தான் குடற்சுவருக்குள் நுழைகிறது. அதாவது உறை இருக்கும்போது அது புல்லில், சுவருக்குள் இருக்கும்போது உறை இல்லை. மாணவர் இரண்டையும் குழப்பினால் மேய்ச்சல் நிலத்தில் சாணம் அள்ளுவதையும் மருந்து கொடுப்பதையும் குழப்புவார்.

இரா. எழுதியது:

டாக்டர் சொல்வது சரி. உறையை விட்டுவிடுகிறேன். ஆனால் தமிழில் இதற்கென்றே ஒரு வினை இருக்கிறது: கரத்தல். ‘கரத்தலும் ஆற்றேன்இந் நோயை’ (குறள் 1162). சித்திரகவியில் ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டு மறைந்திருப்பது கரந்துறைச் செய்யுள். ஓர் உடலுக்குள் இன்னோர் உடல் மறைந்திருப்பது ‘கரந்துறைபுழு’. கரவு, கரவடம் எல்லாம் இந்த வேர்தான். கரப்பான்பூச்சிக்கும் ஒளியும் இயல்பால்தான் அந்தப் பெயர் வந்தது என்பது என் துணிபு.

ம. எழுதியது:

கரப்பான் என்பது தோல் நோய்க்கும் பெயர் ஐயா. கரப்பானிலிருந்து கரந்தைக்கும் அங்கிருந்து ஆநிரை மீட்சிக்கும் போவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிடும்.

பா. எழுதியது:

உதவியாளர்களுக்கு வகுப்பு எடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். ‘கரந்துறை’ என்றால் விளக்கம் கேட்பார்கள், விளக்கியபின் மறப்பார்கள். ‘பொதிபுழு’ என்றும் யாராவது சொல்லக்கூடும். கழுதைக்காரருக்குப் பொதி என்றால் முதுகில் ஏற்றும் சுமை. அதுவும் வேண்டாம். எளிதாக ‘உறங்கும் புழு’ என்றால் என்ன?

டாக்டர் வ. எழுதியது:

> எளிதாக ‘உறங்கும் புழு’ என்றால் என்ன?

கூட்டுக்குள் இருக்கும் புழு எல்லாம் உறங்குவதில்லை. மூன்றாம் நிலையின் தொடக்கத்தில் இருப்பவைதான் வளர்ச்சியை நிறுத்தி ஒடுங்குகின்றன. அதே சுவரில், அதே மாதிரிக் கூட்டுக்குள், மூன்றாம் நிலையின் பிற்பகுதியிலும் நான்காம் நிலையிலும் உள்ளவை வளர்ந்துகொண்டே இருக்கின்றன. இடத்துக்கு ஒரு சொல்லும் ஒடுங்கிய நிலைக்கு வேறொரு சொல்லும் வேண்டும்.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு குதிரையின் கிண்ணவாய்ப்புழுக்களில் 90 விழுக்காடு வரை சுவருக்குள் இருக்கலாம். அவை முட்டையிடுவதில்லை. 4 கிராம் சாணத்தை 56 மில்லி மிதவைக் கரைசலில் கலக்கி, எண்ணும் தட்டின் இரு அறையிலும் (0.15 + 0.15 மில்லி) கண்ட முட்டைகளை 50-ஆல் பெருக்கினால் கிராமுக்கு எத்தனை முட்டை என்று வரும். அது சுழியமாக வந்தாலும் சுவர் நிறையப் புழு இருக்கலாம். வழக்கமான அளவு ஐவர்மெக்டின் (கிலோவுக்கு 0.2 மி.கி.) சுவருக்குள் இருப்பவற்றை நம்பும்படி அழிப்பதில்லை. மாக்சிடெக்டின் 0.4 மி.கி. வேலை செய்யும். 160 கிலோ கழுதைக்கு 64 மி.கி. ஆனால் அது கொழுப்பில் தங்கும் மருந்து. எலும்பும் தோலுமான விலங்குக்கும் சிறு குட்டிக்கும் ஆகாது. ஃபென்பெண்டசோல் 10 மி.கி. வீதம் 5 நாள் என்பது பழைய முறை. பல இடங்களில் புழுக்களுக்கு மருந்தெதிர்ப்பு வந்துவிட்டது.

குடலின் உட்குழியில் உள்ள முதிர்புழுவை மட்டும் அழித்துவிட்டால், சுவருக்குள் இருந்தவை ஒருசேர வெளிப்படும் அபாயமும் உண்டு. மருந்து கொடுத்து இரண்டு வாரத்துக்குள், அதிலும் 6 வயதுக்குட்பட்ட குதிரைக்கு, திடீர்க் கழிச்சலும் உடல் மெலிவும் வந்தால் முதலில் இதைத்தான் நினைக்க வேண்டும். சாணத்தில் சிவப்பு நூல் துண்டு போல இளம்புழு தெரியும். இறந்த குதிரையின் குடற்சுவரை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் குண்டூசித் தலையளவு கரும்புள்ளிகள் நெருக்கமாகத் தெரியும். ‘உறங்குகிறது’ என்று கற்றவர் இதை எதிர்பார்க்க மாட்டார்.

பா. எழுதியது:

அப்படியானால் ‘சுவர்ப்புழு’. எங்கே இருக்கிறது என்பதுதானே முதன்மை?

ம. எழுதியது:

எந்தச் சுவர்? ஸ்ட்ராங்கைலஸ் வல்காரிஸ் என்ற இன்னொரு குதிரைப் புழுவின் இளம்புழு குடலுக்குப் போகும் தமனியின் சுவரில் தங்கி இரத்தக்கட்டியும் வயிற்றுவலியும் உண்டாக்கும். அதுவும் சுவர்ப்புழுதான். ‘குடற்சுவர்ப்புழு’ என்றே சொல்ல வேண்டும்.

இரா. எழுதியது:

குதிரை நாடாப்புழுவும் சிறுகுடல் குருட்டுக்குடலோடு சேரும் இடத்தில் சுவரைத்தானே கவ்வுகிறது? அதையும் குடற்சுவர்ப்புழு என்பீர்களா? சுவரில் ஒட்டியிருப்பதற்கும் சுவருக்குள் கரந்திருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் சொல் சொல்லவில்லை. என் சொல் சொல்கிறது.

டாக்டர் வ. எழுதியது:

நியாயமான கேள்வி. நாடாப்புழு அங்கே முதிர்ந்த நிலையில் இருக்கும். ‘குடற்சுவர் இளம்புழு’ என்றால் அந்தக் குழப்பம் வராது. வளர்ச்சி நின்ற நிலைக்கு ‘ஒடுக்கநிலை’. ‘ஒடுக்கநிலைக் குடற்சுவர் இளம்புழு’ நீளம்தான், ஆனால் பிழையில்லை.

செ. எழுதியது:

பா., ம., டாக்டர் மூவரும் ‘குடற்சுவர் இளம்புழு’, ‘ஒடுக்கநிலை’ என்ற இணைக்கு வந்துவிட்டதால் அதையே சேர்க்கிறேன். முதலில் வரும் இடத்தில் ‘சுவருக்குள் கூடு சூழ இருப்பது’ என்று ஒரு வரி விளக்கம் போடுகிறேன். முட்டை எண்ணிக்கை சுழியமானாலும் இவை இருக்கலாம் என்பது தடித்த எழுத்தில் வரும்.

இரா. எழுதியது:

அச்சிடுங்கள், தடுக்கவில்லை. ஆனால் இது சொல் அன்று, முகவரி. ஆட்டின் இரைப்பைச் சுவரிலும் மாட்டின் இரைப்பைச் சுவரிலும் இதே போல இளம்புழு ஒடுங்குகிறது. அந்தக் கையேடுகள் வரும்போது ‘இரைப்பைச்சுவர் இளம்புழு’ என்று இன்னொன்று செய்ய வேண்டியிருக்கும். கரந்துறைபுழு மூன்றுக்கும் பொருந்தும். சொல்லடைவில் மாற்றுச்சொல்லாகவாவது அதை இடுங்கள்.