மரத்துல பள்ளம் எடுக்குற ரூட்டர் மெஷின் உங்கள முதல்ல எப்ப பயமுறுத்துச்சு? அனுபவத்த சொல்லுங்க

சனிக்கிழமை தச்சன்:

மூணு மாசத்துக்கு முன்னாடி ஒரு பிளஞ்ச் ரூட்டர் (மேல இருந்து மரத்துக்குள்ள அமுக்கி எறக்குற வகை) வாங்குனேன், 1400 வாட். வாட் ஜாஸ்தியா இருந்தா நல்லதுன்னு ஒரு நெனப்பு, அவ்ளோதான் என்னோட ஆராய்ச்சி. புக் ஷெல்ஃப் ஒண்ணு பண்ணணும், பக்கப்பலகைல தட்டு சொருக காடி (நீளப் பள்ளம்) எடுக்கணும், முன் ஓரத்த கூர் இல்லாம உருட்டணும், இதான் பிளான். முதல் நாள் ஒரு வேஸ்ட் கட்டைய வச்சு ஆன் பண்ணேன் பாருங்க, கையில இருந்து திருகிக்கிட்டு கிளம்பப் பாத்துச்சு, சத்தம் வேற காதுக்குள்ள ஆணி எறக்குன மாதிரி. ஆஃப் பண்ணி பெட்டில வச்சவன்தான், இன்னைக்கு வரைக்கும் தொடல. வீட்ல "அது என்ன ஷோகேஸ்ல வைக்கவா வாங்குன"ன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க.

உங்களுக்கெல்லாம் இது கைக்கு வந்தது எப்படி? என்ன சொதப்புனீங்க, எந்த சைஸ் மெஷின்ல ஆரம்பிச்சீங்க, மறைக்காம சொல்லுங்க.

மரத்தூள்:

தம்பி, ஆன் பண்ணும்போது திருகுறது எல்லா பெரிய ரூட்டருக்கும் உள்ள குணம். மோட்டார் நின்ன நெலையில இருந்து சட்டுனு நிமிஷத்துக்கு 20000 சொச்சம் சுத்துக்குப் போகும்போது பாடி எதிர்ப்பக்கம் உதைக்கும். சாஃப்ட் ஸ்டார்ட் இருந்தா மெதுவா ஏறும், அந்த உதை தெரியாது. இல்லன்னா ரெண்டு கையாலயும் நல்லா பிடிச்சுக்கிட்டு, பிட் (அடியில சுத்துற வெட்டு முனை) மரத்துல படாம ஆன் பண்ணி, முழு வேகம் வந்தப்புறம் எறக்கு. கூடவே அந்த வேகம் மாத்துற டயல பாரு, அதையும் குறைச்சு வச்சு ஆரம்பி.

நான் ஆரம்பிச்சது குட்டி ட்ரிம்மர்ல, அதாவது சின்ன சைஸ் ரூட்டர்ல. 500 வாட்டோ என்னவோ, ஒரே வேகம்தான், 30000. ஒரு கையில அடங்கும். ஓரம் உருட்ட, மைக்கா ஓரம் சீவ, கீல் பதிக்க இதுக்கெல்லாம் இன்னைக்கும் அதைத்தான் எடுக்குறேன். பெரிசு என்கிட்ட இருக்கு, டேபிளுக்கு அடியில தலைகீழா மாட்டி வச்சிருக்கேன், அங்கதான் அதுக்கு மரியாதை. என்ன கேட்டா வீட்டு வேலைக்கு முதல் மெஷின் 700 வாட் பக்கத்துல, வேகம் மாத்துற வசதியோட இருந்தா போதும். பிளஞ்ச் பேஸ் தனியா வாங்கி மாட்டுற மாடலா இருந்தா இன்னும் நல்லது.

பழைய உளி:

எனக்கு திசைதான் பாடம் எடுத்துச்சு.

ஒரு ஸ்டூல் பலகை, நல்ல ரோஸ்வுட், பக்கத்துல யாரும் இல்ல, உருட்டுற பிட்ட மாட்டி ஓரத்துல வச்சேன். எந்தப் பக்கமா தள்ளுறதுன்னு யோசிக்கவே இல்ல, கைக்கு வசதியான பக்கமா இழுத்தேன். மெஷின் மரத்த கடிச்சுட்டு குதிர மாதிரி ஓடுச்சு, ஓரம் முழுக்க அம்மி கொத்துன மாதிரி. எனக்கு ஒண்ணும் ஆகல, ஆனா அன்னைக்கு முழுக்க கை நடுங்குச்சு.

விஷயம் இதான். ரூட்டர கையில பிடிக்கும்போது மேல இருந்து பாத்தா பிட் கடிகாரம் சுத்துற பக்கமா சுத்தும். அதனால பலகையோட வெளி ஓரத்துல போகும்போது நாம கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமா சுத்தி வரணும், நடுவுல வெட்டுன ஓட்டைக்குள்ள போகும்போது கடிகாரப் பக்கமா. அப்பதான் பிட்டு மரத்த எதிர்த்து நிக்கும், நாம தள்ளுற அளவுக்குத்தான் போகும். மாத்திப் போனா பிட்டே சக்கரமாயி மெஷின இழுத்துட்டுப் போயிரும். மறந்துட்டா வலது கைய உள்ளங்கை கீழ பாக்குற மாதிரி நீட்டி, கட்டைவிரல மரத்தப் பாத்து வை, ஆள்காட்டி விரல் எந்தப் பக்கம் நீட்டுதோ அதான் போக வேண்டிய பக்கம். நான் இன்னமும் ஒவ்வொரு தடவையும் வச்சுப் பாக்குறேன், வெக்கமே இல்ல.

டேபிள்ல மாட்டுனா எல்லாம் தலைகீழ், பலகைய வலதுல இருந்து இடதுக்கு தள்ளணும்.

கோந்துக் கை:

திசை எல்லாம் சரியா போன ஒருத்தனும் இங்க இருக்கேன், என்னோடது வேற கதை. ட்ராயர் அடிப்பலகைக்கு காடி எடுத்துட்டு இருந்தேன், 6 மிமீ ஆழம் வச்சிருந்தேன், ஆரம்பத்துல 6தான் இருந்துச்சு, அந்தக் கோடிக்குப் போய் அளந்தா 9. என்னடா இதுன்னு ஆழம் பூட்டுற திருகு லூசுன்னு அத முறுக்கி முறுக்கிப் பாத்து, இன்னொரு பலகையும் வீணாப் போச்சு. கடைசில பாத்தா மெஷின்ல இருந்தது கால் இஞ்ச் காலெட் (பிட்டோட தண்ட கவ்விப் பிடிக்கிற வளையம்), அதாவது 6.35 மிமீ, நான் சொருகுனது 6 மிமீ தண்டு உள்ள பிட். கையில பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும், நட்டும் இறுகுன மாதிரியே தெரியும், ஆனா அந்த 0.35 போதும் பிட்டு ஓடிக்கிட்டே கீழ எறங்க. அது முழுசா கழண்டு பறந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு இப்ப நெனச்சாலும் வயித்த கலக்குது.

அதனால மெஷின் வாங்குறப்ப வாட்டுக்கு முன்னாடி காலெட் என்ன சைஸுன்னு பாருங்க, 6, 6.35, 8, 12, 12.7ன்னு இருக்கு, உங்களுக்கு சுலபமா கெடைக்கிற பிட்டு எந்தத் தண்டோ அதுக்குத் தகுந்தது வேணும். 12ஐ 12.7ல போடுறதும் இதே தப்புதான்.

இன்னொண்ணு, பிட்ட அடி வரைக்கும் முட்டச் சொருகிட்டு இறுக்காதீங்க. நட்டு இறுகும்போது காலெட் பிட்டையும் கொஞ்சம் உள்ள இழுக்கும், அடியில முட்டிட்டு இருந்தா இழுக்க இடம் இல்ல, பிடி சரியா விழாது. முழுக்க விட்டு ஒரு 2-3 மிமீ மேல தூக்கி அப்புறம் இறுக்கணும்.

சனிக்கிழமை தச்சன்:

அண்ணே இப்ப போய் பாத்தேன், என்னோடதுல 6, 8 ரெண்டு காலெட் குடுத்திருக்கான். நான் வாங்குன 30 பிட் செட்டு கால் இஞ்ச் தண்டு!! போடவே முடியாது போல.

கோந்துக் கை:

போடாதீங்க. நல்லவேளை பெட்டிலயே இருந்துச்சு. அந்த மெஷினுக்கு கால் இஞ்ச் காலெட் தனியா வருதான்னு பாருங்க, வந்தா செட்டு பொழைச்சுது.

மரத்தூள்:

30 பிட்டுல நீ 5 தான் தொடுவ, எழுதி வச்சுக்க. நேர் பிட்டு ஒண்ணு 12 மிமீ, ஒண்ணு 6, ஓரம் உருட்டுறது ஒண்ணு, சாய்வா சீவுறது ஒண்ணு, பேரிங் வச்ச ஃப்ளஷ் ட்ரிம் (பேரிங் உருளுற பரப்புக்கு சமமா சீவுறது) ஒண்ணு. இதையே கார்பைடு முனை போட்டதா, நல்லதா, ஒவ்வொண்ணா வாங்கு. பிளைவுட்டுல இருக்குற பசை சாதா ஹைஸ்பீடு ஸ்டீல் முனைய சீக்கிரமே மழுக்கிடும். 8 மிமீ தண்டு கெடைச்சா அதையே எடு, 6ஐ விட ஆட்டம் ரொம்ப கம்மி. தண்டு கனம் ரெண்டு மடங்கு ஆனா வளையாம நிக்கிற பலம் 16 மடங்கு, அரை இஞ்ச் தண்டு ஆளுங்க ஏன் அவ்ளோ திமிரா பேசுறாங்கன்னு இப்ப தெரியுதா.

பால்கனி பட்டறை:

நானும் சொல்றேன். எனக்கு இடம் பால்கனிதான், அதனால பெரிய மெஷின் யோசிக்கவே இல்ல, ட்ரிம்மர் மட்டும். முதல் ப்ராஜெக்ட் வளைவா ஒரு கண்ணாடி ஃப்ரேம். எம்டிஎஃப்ல (மர நார பசை போட்டு அமுக்குன பலகை) டெம்ப்ளேட், அதாவது அச்சு வெட்டி, அத மரத்துல டபுள் டேப்ல ஒட்டி, ஃப்ளஷ் ட்ரிம் பிட்ட ஓட்டினேன். என்ன அழகா வந்துச்சு தெரியுமா, டெம்ப்ளேட்ல ஜிக்சா பல்லு விட்ட பள்ளம் ஒவ்வொண்ணும் அப்படியே மரத்துலயும்! பேரிங்குக்கு நல்லது கெட்டது தெரியாது, எது மேல உருளுதோ அத அப்படியே காப்பி அடிக்கும். இப்பல்லாம் டெம்ப்ளேட்ட தேய்க்கத்தான் பாதி நேரம், கண்ணால பாத்தா பத்தாது, விரல ஓட்டிப் பாக்கணும்.

அப்புறம் இன்னும் யாரும் தூசி பத்தி பேசல. அன்னைக்கு மாஸ்க் போடல, எம்டிஎஃப் தூசி மாவு மாதிரி பறந்து ரெண்டு நாள் தொண்டை கரகரன்னு இருந்துச்சு. அப்புறம்தான் படிச்சேன், உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு மரத்தூளையே மனுஷனுக்கு புற்றுநோய் தர்ற பட்டியல்ல வச்சிருக்கு, எம்டிஎஃப் பசைல இருந்து வர்ற ஃபார்மால்டிஹைடும் அதே பட்டியல்தான். கைக்குட்டை கட்டுறதெல்லாம் சும்மா. நல்ல மாஸ்க், வேக்யூம் குழாய், காதுக்கு மஃப். காத மூடுனதும் பாதி பயம் போயிடும், இது சத்தியமா சொல்றேன், அந்தக் கீச்சு சத்தம்தான் நம்மள அவசரப்படுத்துறதே.

சனிக்கிழமை தச்சன்:

அக்கா அது ரொம்ப சரி, எனக்கும் சத்தம்தான் பாதி பயம். காடி விஷயத்துக்கு வாங்களேன், 18 மிமீ பிளைவுட்டுக்கு 18 மிமீ பிட்டு வாங்கிட்டா ஒரே ஓட்டுல முடிஞ்சுராதா?

கோந்துக் கை:

அய்யோ வேணாம். 18ன்னு போட்டிருக்குற பிளைவுட் எங்க 18 இருக்கு, என்கிட்ட இருந்த பலகைய காலிப்பர் வச்சுப் பாத்தா 17.3. 18 பிட்டுல காடி எடுத்தா தட்டு பல்லு ஆடுற மாதிரி ஆடும். 12 மிமீ பிட்ட வச்சு ரெண்டு ஓட்டா எடுங்க, முதல் ஓட்டு ஒரு பக்கக் கோட்டுல, அப்புறம் வழிகாட்டிக் கட்டைய நகத்தி ரெண்டாவது ஓட்டு, பலகையோட துண்டு ஒண்ண சொருகிச் சொருகிப் பாத்து. ஆழமும் ஒரேயடியா போகக் கூடாது, 6 மிமீ காடின்னா 3, 3ஆ ரெண்டு தடவ. ஒரே தள்ளுல போனா மோட்டார் முக்கும், பிட் வளையும், கோடு அலையும்.

வழிகாட்டிக் கட்டைய எந்தப் பக்கம் கட்டுறதுன்னு ஒண்ணு இருக்கு. ரூட்டர முன்னாடி தள்ளும்போது அது இடது பக்கமா ஒதுங்கப் பாக்கும், அதனால கட்டை மெஷினுக்கு இடது பக்கம் இருக்கணும், அப்ப அதுவா போய் கட்டைல ஒட்டிக்கும். வலது பக்கம் கட்டிட்டு நான் ஒரு காடி எடுத்தேன், பாம்பு போன தடம் மாதிரி வந்துச்சு.

வட்டமேசை:

என் பேருக்குக் காரணமான கதை. 600 மிமீ வட்டமா ஒரு மேசைப் பலகை, நடுவுல ஆணி, மெஷினோட ஒரு பட்டை, சுத்தி வந்தா வட்டம். ஆணில இருந்து பிட்டோட நடு வரைக்கும் 300 வச்சேன். 12 மிமீ பிட்டு. வந்தது 588. பிட்டுக்கு கனம் இருக்குன்னு மண்டைல ஏறவே இல்ல. தட்டு வேணும்னா பிட்டோட உள் ஓரம் வரைக்கும் அளக்கணும், ஓட்டை வேணும்னா வெளி ஓரம் வரைக்கும்.

மேசை நல்லாத்தான் இருக்கு. 588ன்னு யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும்.

பழைய உளி:

அந்த 588 சாகுற வரைக்கும் கண்ண உறுத்தும் 😄

பேரிங் பிட்டுல உருட்டும்போது இன்னொரு அடி வாங்குனத சொல்ல விட்டுட்டேன். பலகையோட நாலு ஓரத்துல ரெண்டு ஓரம் நார் வெட்டுப்பட்ட பக்கம். அத கடைசில ஓட்டுனா வெளிய வர்ற மூலையில ஒரு சில்லு பிச்சுக்கிட்டுப் போகும். அதனால வெட்டு ஓரத்த முதல்ல ஓட்டு, சில்லு போனாலும் அடுத்து நீள ஓரம் ஓட்டும்போது அந்தச் சேதம் சீவிப் போயிரும். ஒரே ஒரு ஓரம் மட்டும் ஓட்டணும்னா மூலைல ஒரு வேஸ்ட் கட்டைய கிளாம்ப் பண்ணி முட்டுக் குடு, பிய்யிறது அதுல பிய்யட்டும்.

மரத்தூள்:

பெரியவர் சொன்ன திசை விஷயத்துல ஒரு சின்ன மாறுபாடு எனக்கு உண்டு. நார் எடக்குப் பண்ற மரத்துல, கடைசியா அரை மிமீ மட்டும் மிச்சம் வச்சு தப்புத் திசைல லேசா ஒரு ஓட்டு ஓட்டுனா சில்லு பிய்யாம வழவழன்னு வரும். நான் செய்யுறதுண்டு.

பழைய உளி:

நீங்க செய்வீங்க, உங்க கை பழகுன கை. புதுசா வந்த பையன்கிட்ட இத எதுக்கு சொல்றீங்க. தம்பி, இத படிக்காத மாதிரி தாண்டிப் போ.

மரத்தூள்:

சரி சரி, ஒத்துக்குறேன். முதல் வருஷம் வேணாம். டேபிள்ல எப்பவுமே வேணாம்.

தம்பிக்கு இன்னொண்ணு, பிட்டு பெருசானா வேகத்த குறைக்கணும். 50 மிமீ பிட்ட 24000ல விட்டா ஒரு செகண்டுக்கு 400 சுத்து, முனை ஓடுற வேகம் மணிக்கு 226 கிலோமீட்டர் வருது, கணக்குப் போட்டுப் பாத்துக்க. 25 மிமீ வரைக்கும் முழு வேகம் ஓகே, அதுக்கு மேல போகப் போக இறக்கு, பிட்டு மேலயே உச்ச வேகம் போட்டிருந்தா அதுதான் எல்லை. கதவுப் பலகை சீவுற அந்த ராட்சசப் பிட்டெல்லாம் டேபிள்ல மட்டும்தான், 10000-12000ல.

பால்கனி பட்டறை:

கருகுறதும் வேகத்தாலதான்னு எல்லாரும் சொல்வாங்க, என் அனுபவத்துல பாதி நேரம் அது நாம தயங்குறதால. மூலை வந்ததும் பயந்து நிப்போம் பாருங்க, அந்த ஒரு நொடில கருப்புத் தழும்பு விழும். நிக்காம நகந்துட்டே இருக்கணும். அப்படியும் கருகுனா பிட்டுல பிசின் ஒட்டியிருக்கான்னு பாருங்க, துடைச்சாலே புதுசு மாதிரி வெட்டும்.

பிட் மாத்தும்போது பிளக்க புடுங்கிட்டு மாத்துங்க ப்ளீஸ். நான் ஒரு தடவ ஸ்விட்ச் ஆன்லயே இருக்கிறது தெரியாம பிளக்க சொருகி, மெஷின் தரையில டான்ஸ் ஆடி ஒரு செருப்ப பதம் பாத்துருச்சு. செருப்புக்குள்ள கால் இல்லாதது என் அதிர்ஷ்டம்.

சனிக்கிழமை தச்சன்:

நேத்து பெட்டியத் திறந்தேன்! 8 மிமீ தண்டுல ரெண்டே பிட்டு வாங்கினேன், நேர் பிட்டு 12, உருட்டுறது ஒண்ணு. காதுக்கு மஃப், மாஸ்க், டயல் பாதில, பழைய கதவுப் பலகை ஒண்ண கிளாம்ப் போட்டு இறுக்கி, கட்டை இடது பக்கம், 3 மிமீ ஆழம். முதல் காடி லேசா அலைஞ்சுது, கட்டைய ஒரே ஒரு கிளாம்ப்ல பிடிச்சிருந்தேன், நடுவுல நகந்துருச்சு. ரெண்டாவதுக்கு ரெண்டு கோடியிலயும் கிளாம்ப், ஸ்கேல் வச்ச மாதிரி வந்துச்சு. உருட்டும்போது அந்த விரல் வித்தைய நாலு ஓரத்துக்கும் வச்சுப் பாத்தேன், பையன் பாத்து சிரிச்சான்.

ஷெல்ஃப் பலகைல இன்னும் கை வைக்கல, அடுத்த சனிக்கிழமை. ஒரே டவுட்டு, ரெண்டு பக்கப்பலகையிலயும் காடி ஒரே உயரத்துல வரணுமே, தனித்தனியா அளந்தா தப்பிடும்னு பயமா இருக்கு.

கோந்துக் கை:

தனித்தனியா எதுக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல படுக்க வச்சு, அடிப்பக்கம் ரெண்டும் ஒரே நேருக்கு தட்டி, சேத்து கிளாம்ப் பண்ணி, குறுக்க ஒரே கட்டைய கட்டி ஒரே ஓட்டா ரெண்டுலயும் எடுத்துருங்க. உள்பக்கம் ரெண்டும் மேல பாத்து இருக்கான்னு மட்டும் ஓட்டுறதுக்கு முன்னாடி ஒருக்கா பாருங்க. எப்படி தெரியும்னு கேக்காதீங்க.