எபிசோட் த்ரீ வராததற்கு எழுத்தாளரா காரணம்?

பனைமரம்:
"கதை எழுதிய மார்க் லெய்ட்லா வேலையை விட்டுப் போனதால்தான் வால்வ் நிறுவனத்தின் வீடியோ கேமான ஹாஃப்-லைஃபின் எபிசோட் த்ரீ வரவில்லை" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல். எபிசோட் டூ வந்தது 2007 அக்டோபரில். லெய்ட்லா விலகியது 2016-ல். நடுவில் யார் கையைப் பிடித்துத் தடுத்தார்கள்? வால்வ் நிறுவனத்தில் மேலதிகாரி கிடையாது. மேசைக்குச் சக்கரம் உண்டு, பிடித்த குழுவுக்கு உருட்டிக்கொண்டு போகலாம். 2012-ல் கசிந்த ஊழியர் கையேட்டில் இருக்கிறது. எபிசோட் டூ முடிவில் எலி வான்ஸ் தன் மகள் அலிக்ஸின் கண்முன்னே சாகிறார், அவள் அழும் குரலோடு திரை இருண்டுபோகிறது. அந்த இடத்தில் கதையை விட்டுவிட்டு மேசையை உருட்டியவர்களைக் கேளுங்கள்.

கடைசிப்பலகை:
1996 முதலே மேலதிகாரி இல்லை என்றும் அதே கையேட்டில் இருக்கிறது. பிறகு 1998-ல் முதல் ஹாஃப்-லைஃபும் 2004-ல் இரண்டாவதும் எப்படி முடிந்தன? அப்போது மேசைக்குச் சக்கரம் இல்லையா?

பனைமரம்:
அப்போது உருட்டிக்கொண்டு போக வேறு இடம் ஏது? பிறகுதான் லெஃப்ட் 4 டெட், போர்ட்டல் 2, டோட்டா 2 என்று வால்வின் மற்ற ஆட்டங்கள் எல்லாம். லெஃப்ட் 4 டெட்டை முடித்துக்கொடுக்கப் போனவர்கள் திரும்பியபோது எபிசோட் த்ரீக்குக் காலம் கடந்துவிட்டதாகத் தோன்றியது என்று ஹாஃப்-லைஃப் 2 பற்றிய 2024 ஆவணப்படத்தில் அவர்களே சொல்கிறார்கள்.

நீலக்குறிஞ்சி:
அதே படத்தில் வால்வ் தலைவர் கேப் நியூவெல் சொன்னதை மட்டும் விழுங்கிவிட்டீர்களே? கதையை நகர்த்துவதற்காக மட்டும் ஓர் ஆட்டம் போடுவது ஆடுகிறவர்களை ஏமாற்றுவது என்கிறார். எபிசோட் த்ரீக்காகப் பனித் துப்பாக்கி, கூழ் மாதிரி எதிரி எல்லாம் செய்து பார்த்திருக்கிறார்கள், போதவில்லை. சரக்கு தீர்ந்தது, அவ்வளவுதான்.

பனைமரம்:
சரக்கு தீர்ந்ததா? 2017-ல் லெய்ட்லா பெயர்களை மாற்றி எபிசோட் த்ரீ கதைச்சுருக்கத்தையே தன் தளத்தில் போட்டார். போரியாலிஸ் கப்பல் என்ன ஆகிறது என்பது வரை அதில் இருக்கிறது.

நீலக்குறிஞ்சி:
அதைப் போட்டதற்கே பின்னால் வருந்தினார். குழுவோடு செய்திருந்தால் கதை வேறாகியிருக்கும் என்றார். போன வாரம் போர்ட்டல் இழையிலும் இப்படித்தான் பாதியைச் சொன்னீர்கள்.

பனைமரம்:
போர்ட்டலை இங்கே இழுக்காதீர்கள், அங்கே பதில் சொல்லாமல் ஓடியது நீங்கள். அவரவர்க்குப் பிடித்ததைச் செய்தால் போதும் என்று நம்பியது தப்பு என்று வால்வின் ராபின் வாக்கரே சொல்லிவிட்டார். 80 பேர் ஒரே ஆட்டத்தில் உட்கார்ந்தார்கள், 2020-ல் 'ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்' என்ற விஆர் ஆட்டம் வந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

கடைசிப்பலகை:
அதற்காக சக்கரத்தைக் கழற்றினார்களா? இல்லையே. சக்கரம் இருக்கும்போதே முடித்தார்கள். 1998-க்கும் இன்னும் பதில் வரவில்லை.

முந்திரிக்கொத்து:
அலிக்ஸை விஆர் ஹெட்செட் மாட்டி ஆடியவர்கள் இங்கே எத்தனை பேர்? யூடியூபில் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறீர்கள்.

பனைமரம்:
ஹெட்செட் வாங்கக் காசு இல்லாதவன் கதையைப் பற்றிப் பேசக்கூடாதா? ஆட்டம் வந்த நாளிலேயே முழுதாகப் பார்த்தவன் நான். செத்த எலி வான்ஸ் பிழைக்கிறார், அலிக்ஸை ஜி-மேன் என்ற மர்ம ஆள் கொண்டுபோகிறார், மறுபடி அந்தரத்தில் நிற்கிறது கதை.

முந்திரிக்கொத்து:
பார்ப்பதும் ஆடுவதும் ஒன்றா? தலையைக் குனிந்து தோட்டாவை நீங்களே மாற்றினால்தான் அது புரியும்.

பனைமரம்:
தோட்டா மாற்றுவதைப் பற்றி யார் கேட்டது? நான் கேட்டது 2007-லிருந்து 2016 வரை. அதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை.