கண் அழுத்தச் சொட்டு மருந்து போடுபவர்கள் வலி மாத்திரை சாப்பிடலாமா?

பொருநைக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் தாயாருக்கு 68 வயது. கண் நீர் அழுத்த நோய்க்காக நான்கு ஆண்டுகளாகக் காலையும் மாலையும் டிமொலால் 0.5 சதவீதச் சொட்டு மருந்தும், இரவில் லட்டனோப்ரோஸ்ட் சொட்டு மருந்தும் போட்டுவருகிறார். சென்ற மாதம் பரிசோதனையில் அழுத்தம் கூடியிருந்ததால், அசிட்டசோலமைடு 250 மில்லிகிராம் மாத்திரையைப் பத்து நாட்களுக்குக் கொடுத்தார்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் 75 மில்லிகிராம் தினமும் சாப்பிடுகிறார். இவற்றுக்கிடையே முழங்கால் வலி அதிகமாகிவிட்டதால், மருந்துக் கடையில் கேட்டு அசிக்ளோஃபெனாக்கும் பாரசிட்டமாலும் சேர்ந்த மாத்திரையை வாங்கிச் சாப்பிட ஆரம்பித்திருக்கிறார். இளவயதில் அவருக்கு இளைப்பு (ஆஸ்துமா) இருந்தது. இப்போதும் மார்கழிப் பனியில் சற்று மூச்சு வாங்கும். கண்ணுக்குச் சொட்டு மருந்து போடுபவர்கள் எந்த வலி மாத்திரையும் தொடக் கூடாது என்று எதிர் வீட்டு அக்கா சொன்னதிலிருந்து, அம்மா மாத்திரையை விட்டுவிட்டு வலியோடு நடமாடுகிறார். இதில் எவ்வளவு உண்மை என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

மருந்துப் பெட்டி (மருந்தாளுநர்):

எதிர் வீட்டு அக்கா சொன்னது அப்படியே சரியன்று. சாதாரணப் பாரசிட்டமாலுக்கும் கண் அழுத்தச் சொட்டு மருந்துகளுக்கும் இடையே கவலைப்படும்படியான மோதல் எதுவும் இல்லை. கல்லீரல் நன்றாக இருக்கும் ஒருவர் 650 மில்லிகிராம் மாத்திரையை நாளைக்கு மூன்று வரை, போதிய இடைவெளி விட்டுச் சாப்பிடலாம். உங்கள் தாயார் வாங்கிய கூட்டு மாத்திரையில் 325 மில்லிகிராம் பாரசிட்டமால் ஏற்கெனவே இருப்பது வழக்கம் என்பதால், இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்தியது வலி மாத்திரை அன்று. இளைப்பும் டிமொலாலும் ஒரே வீட்டில் இருப்பது. சொட்டு மருந்து கண்ணோடு நின்றுவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்குள் இறங்கும் மருந்து, அங்குள்ள சவ்வின் வழியாக இரத்தத்தில் கலக்கிறது. வயிற்றின் வழியாகச் செல்லும் மருந்தைப் போல முதலில் கல்லீரலைக் கடக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. அப்படிக் கலக்கும் டிமொலால் மூச்சுக்குழாயைச் சுருக்கும், நாடித்துடிப்பைக் குறைக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இதைப் போடக் கூடாது என்று பெட்டிக்குள் இருக்கும் துண்டுத்தாளிலேயே அச்சிட்டிருப்பார்கள். ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் ஆகிய வலி மாத்திரைகளே இளைப்பைக் கிளப்பிவிடும். இரண்டும் ஒன்றாகச் சேரும்போது எதனால் மூச்சு வாங்குகிறது என்பதே தெரியாமல் போய்விடும். பழைய இளைப்பைப் பற்றிக் கண் மருத்துவரிடம் சொன்னீர்களா? சொல்லியிராவிட்டால், அடுத்த பரிசோதனை வரை காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள். அவரைக் கேட்காமல் சொட்டு மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். அழுத்தம் ஏறினால் போன பார்வை திரும்பாது.

அடுத்தது ஆஸ்பிரினும் அசிட்டசோலமைடும். அசிட்டசோலமைடு இரத்தத்தின் அமிலத்தன்மையைக் கூட்டும். அந்த நிலையில் ஆஸ்பிரினின் சாலிசிலேட்டு மூளைக்குள் எளிதாக நுழையும். மறுபுறம், சாலிசிலேட்டு அசிட்டசோலமைடு சிறுநீரகத்தின் வழியாக வெளியேறுவதைத் தடுக்கும். ஆகவே அதிக அளவு ஆஸ்பிரினுடன் இதைச் சேர்ப்பது உண்மையிலேயே ஆபத்தானது: குழப்பம், வேகமான மூச்சு, அளவுக்கு மீறிய தூக்கம் ஆகியவை வரக்கூடும். 75 மில்லிகிராம் என்பது அந்த அதிக அளவு அன்று என்றாலும், வயதானவர்களுக்குச் சிறுநீரகம் தளர்ந்திருக்கக்கூடும் என்பதால் மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தலைவலிக்கென்று கடையில் விற்கும் ஆஸ்பிரின் மாத்திரைகளை, அசிட்டசோலமைடு சாப்பிடும் நாட்களில் கையால்கூடத் தொட வேண்டாம். இதயத்துக்கான ஆஸ்பிரினை மட்டும் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.

லட்டனோப்ரோஸ்டைப் பொறுத்தவரை, வலி மாத்திரைகள் அதன் பலனைக் குறைக்குமா என்று பலர் கேட்பதுண்டு. இந்த ஐயம் முக்கியமாக டைக்ளோஃபெனாக் போன்ற வலி நீக்கும் கண் சொட்டு மருந்துகளைப் பற்றி எழுந்தது. ஆய்வுகளின் முடிவுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. சில நாள் மாத்திரைக்காக லட்டனோப்ரோஸ்டை நிறுத்தக் காரணம் இல்லை. அசிக்ளோஃபெனாக்கில் எனக்குள்ள தயக்கம் வேறு: தினசரி ஆஸ்பிரினுடன் சேர்ந்தால் இரைப்பையில் புண்ணும் இரத்தக் கசிவும் வரும் வாய்ப்புக் கூடுகிறது.

கரிசல்மண்:

மருந்தாளுநர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். என் தந்தைக்கும் இதே கண் நோய்தான். முழங்கால் வலிக்கு எங்கள் ஊர்ச் சிறு மருத்துவமனையில் ஓர் ஊசியும், காகிதப் பொட்டலத்தில் மடித்த பெயரில்லா மாத்திரைகளும் கொடுப்பார்கள். ஊசி போட்ட மறுநாளே வலி பறந்துவிடும் என்பதால் அவருக்கு அந்த மருத்துவர் தெய்வம். ஆறு மாதங்களில் கண் அழுத்தம் இரு மடங்கானபோதுதான், அந்தப் பொட்டலத்தில் ஸ்டீராய்டு இருந்தது தெரியவந்தது. சொட்டு மருந்துகள் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்த கண் மருத்துவர், கடைசியாகத்தான் பொட்டலத்தைப் பற்றிக் கேட்டார். கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்களில் பலருக்கு ஸ்டீராய்டு, மாத்திரையாகவோ ஊசியாகவோ கண் சொட்டாகவோ எந்த வடிவில் போனாலும், அழுத்தத்தை ஏற்றிவிடுமாம். உங்கள் தாயாருக்கும் சென்ற மாதம் அழுத்தம் கூடியது ஏன் என்று கேட்டுப் பாருங்கள்.

வெண்படலம் (கண் மருத்துவமனையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்):

நோய் திறந்த கோண வகையா, மூடிய கோண வகையா (கண்ணுக்குள் நீர் வடியும் மூலை திறந்திருக்கிறதா, அடைபட்டிருக்கிறதா) என்பதையும் மருந்துச் சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். மூடிய கோண வகையாக இருந்து, கண்ணுக்குள் நீர் செல்ல லேசர் மூலம் துளை போடாதவராகவும் இருந்தால், வயிற்று வலிக்குக் கொடுக்கும் மெஃபெனமிக் அமிலமும் டைசைக்ளோமினும் சேர்ந்த மாத்திரையும், சளிக்கான கூட்டு மாத்திரைகளில் உள்ள ஃபினைலெஃப்ரினும் குளோர்ஃபெனிரமினும் அழுத்தத்தைத் திடீரென்று உச்சத்துக்கு ஏற்றிவிடக்கூடும். அந்தச் சளி மாத்திரைகளில் பாரசிட்டமாலும் இருப்பதால் மக்கள் அவற்றைக் காய்ச்சல் மாத்திரை என்றே சொல்கிறார்கள். கண் வலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் ஆகியவற்றுடன் நள்ளிரவில் வந்தவர்களில் எத்தனையோ பேரின் பையில் நான் அந்த அட்டையைக் கண்டிருக்கிறேன்.

பொருநைக்கரை:

மூவருக்கும் நன்றி. நேற்று மருந்துகள் அனைத்தையும் அட்டையோடு ஒரு பையில் போட்டுக் கண் மருத்துவரிடம் கொண்டுபோனோம். அம்மாவின் தலையணைக்கடியிலிருந்து ஒரு பொட்டலம் கிடைத்தது என்பதைக் கரிசல்மண் அறிந்தால் வியப்படைய மாட்டார். அது என்ன மாத்திரை என்று இன்னும் தெரியவில்லை, கொடுத்தவரிடமே கேட்டு எழுதி வாங்கிவரச் சொல்லியிருக்கிறார்கள். நோய் திறந்த கோண வகைதான். இளைப்பைப் பற்றிச் சொன்னதும் டிமொலாலை நிறுத்திவிட்டுப் பிரிமோனிடின் எழுதிக் கொடுத்தார். ஆனால் எலும்பு மருத்துவர் ஆஸ்பிரினையும் வயிற்றையும் கருதி, அசிக்ளோஃபெனாக்குக்குப் பதிலாகப் பாரசிட்டமாலும் டிரமடாலும் சேர்ந்த மாத்திரையை எழுதியிருக்கிறார். இது பிரிமோனிடினுடன் ஒத்துப்போகுமா?

மருந்துப் பெட்டி:

சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்று தடை இல்லை; ஆனால் பிரிமோனிடின் சிலருக்குத் தூக்கக் கலக்கத்தையும் சோர்வையும் தரும், இரத்த அழுத்தத்தையும் சற்றுக் குறைக்கும். டிரமடாலும் தூக்கத்தையும் தலைச்சுற்றலையும் கொடுக்கும் என்பதால், இரண்டும் சேர்ந்தால் அவை கூடும். இரண்டையும் ஒரே வேளையில் தொடங்கியிருப்பதை இரு மருத்துவர்களிடமும் சொல்லி, முதலில் வெறும் பாரசிட்டமாலில் வலி அடங்குகிறதா என்று பார்க்கலாமா என்று கேளுங்கள். சொட்டு மருந்து போட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை விரலால் இரண்டு நிமிடம் மெதுவாக அழுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். இரத்தத்தில் கலக்கும் அளவு குறையும். அடுத்த சொட்டு மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி வேண்டும். டிரமடால் சாப்பிடும் நாட்களில் இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு எரியட்டும், துணைக்கு ஒருவர் எழுந்து போகட்டும். முழங்கால் வலியோடு தூக்கக் கலக்கத்தில் நடப்பவர் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு வருவதை எங்கள் கடை வாசலிலேயே பார்த்துவருகிறேன்.