அல்லித் தொட்டியில் தலைப்பிரட்டைகள் குறைந்துகொண்டே வருகின்றன. எது தின்கிறது?

அல்லித்தொட்டி (காரைக்குடி பக்கம்):
வீட்டுப் பின்கட்டில் அல்லி வளர்க்க ஒரு பெரிய சிமெண்ட் தொட்டி வைத்திருக்கிறோம். மீன் விடவில்லை. ஐப்பசி மழைக்குத் தவளை வந்து முட்டையிட்டு, தொட்டி முழுக்கத் தலைப்பிரட்டை. இப்போது நாளுக்கு நாள் குறைகிறது. அடியில் வெறும் தோல்கள் கிடக்கின்றன. மூன்று விதப் பூச்சிகள் கண்ணில் பட்டன. ஒன்று தட்டை, பழுப்பு நிறம், முதுகு முழுக்க முட்டை ஒட்டியிருக்கிறது. இன்னொன்று காய்ந்த இலை நிறம், பின்னால் நீண்ட வால். கொட்டுமோ என்று பயம். மூன்றாவது சேற்று நிறத்தில், பெரிய கண்ணோடு அடியில் ஊர்கிறது. மகள் பள்ளி விட்டு வந்ததும் தொட்டிக்குத்தான் ஓடுகிறாள். பூச்சிகளை எடுத்துப் போட்டுவிடலாமா? எடுத்தால் கொசு பெருகுமா?

மாடித்தோட்டம்:
கப்பி மீன் வாங்கி விடுங்கள், கொசுப்புழு மிஞ்சாது. கம்பூசியா கிடைத்தால் இன்னும் நல்லது.

ஊருணிக்கரை:
தயவுசெய்து எதையும் எடுத்துப் போடாதீர்கள், கம்பூசியாவும் விடாதீர்கள். நான் சிவகங்கைப் பக்கம் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். மழைக்காலத்தில் பிள்ளைகளை ஊருணிக்குக் கூட்டிப்போனால் அவர்களிடம் முதலில் சொல்வது, வாயைப் பார் என்பதுதான். வாய் எப்படியோ அப்படித்தான் சாப்பாடு.

உங்கள் தட்டைப் பூச்சி ஒரு நீர்மூட்டை. முட்டை சுமப்பது ஆண். பெண் அதன் முதுகில் முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடும். குஞ்சு பொரியும்வரை இதுதான் நீர்மட்டத்துக்கு வந்துவந்து முட்டைக்குக் காற்றுக் காட்டும். இரையை முன்கால்களால் பிடித்து, ஊசி வாயைக் குத்தி, எச்சிலை உள்ளே செலுத்தும். அந்த எச்சிலில் சதை உள்ளேயே கரைந்துவிடும், அதை உறிஞ்சிக்கொள்ளும். மிஞ்சுவது தோல். வால் உள்ளது நீர்த்தேள், அதன் முறையும் இதேதான். ஆகவே அடியில் கிடக்கும் தோல்கள் இந்த இரண்டின் வேலையாகத்தான் இருக்கும். அந்த வால் கொடுக்கு அல்ல, மூச்சுக்குழல். நுனியை நீருக்கு மேலே நீட்டிக்கொண்டு தலைகீழாகக் காத்திருக்கும். ஆனால் இரண்டுமே வாயால் கடிக்கும், நன்றாக வலிக்கும். பாப்பாவைக் கையில் பிடிக்க விடாதீர்கள்.

மூன்றாவது தட்டானின் குஞ்சு. அதன் கீழுதடு முகத்துக்கு அடியில் மடக்குக் கத்தி மாதிரி மடங்கியிருக்கும். இரை பக்கத்தில் வந்ததும் கண்ணிமைக்கும் நேரத்தில் நீண்டு, நுனிக் கொக்கிகளால் பிடித்து வாய்க்கு இழுத்துவரும். இது மென்று தின்பது, தோலை மிச்சம் வைக்காது.

இந்த மூன்றும் கொசுப்புழுவையும் தின்னும். தலைப்பிரட்டை கண்ணுக்குத் தெரிவதால் அது குறைவது தெரிகிறது. கொசுப்புழு குறைவதை யாரும் கவனிப்பதில்லை. இவற்றை எடுத்துவிட்டால் உங்கள் தொட்டிக்குக் காவல் இருக்காது.

தலைப்பிரட்டையையும் கொஞ்சம் பாருங்கள். வாயைச் சுற்றி வரிவரியாகச் சின்னஞ்சிறு கொம்புப் பற்கள். சுவரிலும் அல்லித் தண்டிலும் படியும் பாசியைச் சுரண்டித் தின்னத்தான் அவை. பாசி எளிதில் செரிக்காது, அதனால் குடல் மிக நீளம். சிலவற்றில் வயிற்றுத் தோல் வழியாகவே அது சுருள்சுருளாகத் தெரியும். எல்லாத் தலைப்பிரட்டையும் சைவம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊர் பெரிய மழைத்தவளையின் குஞ்சுகள் மற்றத் தலைப்பிரட்டைகளைத் தின்னும். கூட்டத்தில் ஒன்றிரண்டு மட்டும் தடித்து, வேகமாகப் பாய்ந்தால் அவற்றின் மேலும் ஒரு கண் வையுங்கள்.

கம்பூசியா விஷயம். கொசுவை ஒழிக்க என்று 1928இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த அயல் மீன் அது. உலகில் மிக அதிகக் கேடு செய்யும் 100 அயல் உயிரினங்களின் பட்டியலில் அதுவும் இருக்கிறது. தவளை முட்டை, தலைப்பிரட்டை எல்லாவற்றையும் கொறித்துவிடும். மழை வெள்ளத்தில் தொட்டி வழிந்து ஒரு ஜோடி ஊருணிக்குப் போனால்கூடப் போதும், பிறகு திரும்ப எடுக்கவே முடியாது. மீன் வேண்டும் என்றால் நம் முண்டக்கண்ணி இருக்கிறது. மேல்நோக்கிய வாய், நீர்மட்டத்திலேயே மேயும், கொசுப்புழு அதற்குப் பிடித்த தீனி. ஆனால் அதுவும் சின்னத் தலைப்பிரட்டையை விட்டுவைக்காது. உங்கள் தொட்டிக்கு இப்போது மீனே தேவையில்லை.

மாடித்தோட்டம்:
கம்பூசியா பற்றி இவ்வளவு தெரியாது, நன்றி. அப்படியானால் டெங்குக் கொசு?

ஊருணிக்கரை:
ஏடிஸ் கொசுவுக்கு வேட்டைக்காரர்கள் இல்லாத சின்னச் சின்ன நீர்தான் வசதி: டிரம், பழைய டயர், கொட்டாங்குச்சி, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு. நம் வெயிலுக்கு முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை அவற்றைக் கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை சுவரில் ஒட்டியிருக்கும். அல்லித் தொட்டியின் ஓரத்தையும் காலையில் ஒரு பார்வை பாருங்கள், நெளியும் புழு தெரிந்தால் வடிகட்டியில் அள்ளிவிடலாம்.

அல்லித்தொட்டி:
நேற்று இரவு டார்ச் அடித்துப் பார்த்தோம். நீங்கள் சொன்னபடியே நீர்த்தேள் அல்லித் தண்டில் தலைகீழாக இருந்தது, முன்கால்களுக்கு நடுவில் ஒரு தலைப்பிரட்டை. மகள் முகம் வாடிவிட்டது, ஆனாலும் நகராமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பூச்சிகளை எடுக்கப் போவதில்லை. அவளுக்காகச் சில தலைப்பிரட்டைகளைத் தனியாக வளர்க்கலாமா?

ஊருணிக்கரை:
தாராளமாக. அகலமான பேசினில் தொட்டித் தண்ணீரையே ஊற்றி ஏழெட்டு விடுங்கள், நிழலில் வையுங்கள். குழாய்த் தண்ணீர் சேர்ப்பதானால் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள், குளோரின் போகட்டும். உப்புப் போடாமல் வேகவைத்த கீரை, நகத்தளவு போதும். மிச்சத்தை மறுநாள் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீர் நாறிவிடும். பின்கால் முதலில் வரும். முன்காலும் வந்ததும் தீனியை நிறுத்திவிடும்; நோய் என்று பயப்பட வேண்டாம், அந்த நாட்களில் வால் கரைந்துதான் அதற்கு உணவாகிறது. அப்போது ஒரு சாய்ந்த கல் அவசியம் வையுங்கள், ஏற இடம் இல்லாவிட்டால் மூழ்கிச் செத்துவிடும்.

அல்லித்தொட்டி:
சரிங்க டீச்சர். பேசின் எடுத்துவிட்டாள், கல் தேடிக்கொண்டிருக்கிறோம்.