மூணாறு பக்கம் டிரவுட் மீனுக்குத் தூண்டில் போட ஏற்ற இடம் எது?

போடிக்காரர்: சென்ற மாதம்தான் போடியிலிருந்து மூணாறுக்குக் குடிவந்தோம். வைகையில் விரால் பிடித்துப் பழகிய எனக்கு டிரவுட் புதிது. எங்கே போகலாம் என்று அறிந்தவர்கள் கூறுங்கள்.

மலைவாசி: வெள்ளையர் காலத்துத் தோட்டத்துரைமார் கொண்டுவந்து விட்ட மீன் இது. ஏறத்தாழ 20 டிகிரிக்கு மேல் சூடேறாத, பிராணவாயு நிறைந்த நீரே இதற்கு ஒத்துவரும் என்பதால், தேங்கிய குட்டையை விட்டுவிட்டு, பாறையில் மோதி வெண்ணுரை தள்ளும் ஓடை வந்து விழும் மடுவைத் தேடுங்கள். தேவிகுளம் ஏரியும் குண்டளையும் பெயர்பெற்றவை. தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்காமல் இறங்காதீர்கள். நான் ஒருமுறை காவலாளியிடம் அகப்பட்டு, தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு திரும்பியிருக்கிறேன்.

தேனிக்காரர்: 1978-இல் தேசியப் பூங்காவான இரவிகுளத்தின் ஓடைகளில் நினைத்தபடி தூண்டில் போட இயலாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விராலுக்கான தடித்த தூண்டில் நரம்பு இங்கு உதவாது. தெளிந்த நீரில் அது மீனின் கண்ணில் பட்டுவிடும். மெல்லிய நரம்பும், வெள்ளிபோல் மின்னும் சிறு ஸ்பூனும் (இரைபோல் மீனை ஈர்க்கும் உலோகத் தகடு) போதும். நம் நிழல் நீரில் விழுந்தாலே மீன் பாறையடியில் ஒளிந்துவிடும்.

போடிக்காரர்: நன்றி ஐயா. முதலில் தோட்ட அலுவலகத்தில் விசாரிக்கிறேன்.