மீடியா சென்டருக்குத் தமிழில் என்ன சொல்? (வெள்ளிக்குள் வேண்டும்)

பெங்களூரு மல்லேசுவரத்திலிருந்து, திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம்.

வீட்டுக் கணினியை டிவியோடு இணைத்துப் படமும் பாட்டும் போட்டுக்கொள்வது எப்படி என்பதுதான் இந்த ஞாயிறு வகுப்புக்குப் பாடம். எந்த மென்பொருளை எடுப்பது, எப்படி நிறுவுவது, கோப்புகளை எப்படி அடுக்குவது என்று நாலு பக்கக் கையேடு எழுதி முடித்துவிட்டேன். வெள்ளி மாலை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

இந்த வகை மென்பொருளைக் குறிக்கும் மீடியா சென்டர் என்ற சொல் வருகிற இடத்தில் எல்லாம் ‘ஊடக மையம்’ என்று போட்டிருந்தேன். பத்தாம் வகுப்பு படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் வாசிக்கக் கொடுத்தேன். பள்ளியில் அவளுக்குக் கன்னடமும் ஆங்கிலமும்தான்; தமிழ் எழுத்து நம் வகுப்பில் கற்றுக்கொண்டது. தலைப்பைப் பார்த்ததும், “அக்கா, இது நிருபர்களுக்கா?” என்றாள். நியாயமான கேள்வி. கிரிக்கெட் மைதானத்திலும் தேர்தல் அலுவலகத்திலும் பத்திரிகைக்காரர்கள் உட்காருகிற இடத்தைத்தான் நாளிதழ்கள் ஊடக மையம் என்கின்றன. கன்னடத்தில் ‘மாத்யம’ என்றாலும் பத்திரிகை நினைவுதான் முதலில் வருகிறது.

வேறு சொல் சொல்லுங்கள். அப்படியே ஸ்கிரேப்பர் (படத்தின் விவரங்களை இணையத்திலிருந்து எடுத்து வருவது), ஸ்கின் (திரையின் வெளி அலங்காரம்), லைப்ரரி (நம் படங்கள், பாட்டுகளின் அடுக்கு) மூன்றுக்கும் சொல்லிவிடுங்கள். கோடி என்ற மீடியா சென்டர் மென்பொருளில் திரும்பிய பக்கமெல்லாம் இவைதான்.

அல்சூரிலிருந்து, செவ்வாய் காலை

அம்மா, முதலில் மையத்தை எடுத்துவிடுங்கள். மத்யம் என்ற வடசொல் தேய்ந்து வந்தது அது. நம்மிடம் ‘நடு’ இருக்கிறது. நடுவண், நடுவர், நடுநிலை, நடுவகிடு என்று அதற்குப் பெரிய குடும்பமே இருக்கும்போது மையத்திடம் கையேந்த வேண்டாம். நடுவம் என்று எழுதுங்கள்.

ஊடகம் நல்ல சொல், அதில் கை வைக்காதீர்கள். ஊடு என்றால் இடை, இடையே புகுவது. ஊடுருவல், ஊடுபயிர், ஊடுகதிர் எல்லாம் அதன் வழி வந்தவை. ஊடலும் அதில் பிறந்ததே என்பது என் நெடுநாள் கருத்து. இருவருக்கு இடையில் ஏதோ ஒன்று புகுந்துகொள்கிறது, அதுதான் ஊடல். வள்ளுவர் தம் நூலை ஊடலுவகையில் கொண்டுபோய் முடித்திருக்கிறார் என்றால் அந்தச் சொல்லின் ஆழத்தைப் பாருங்கள். ஆக, என் பரிந்துரை: பல்லூடக நடுவம். ‘பல்’ சேர்ந்துவிட்டால் நிருபர் நினைவு வராது.

இன்னொன்று. கோடி என்று தனியாக எழுதினால் எண்ணாகப் படிப்பார்கள், இல்லாவிட்டால் கோடித்துணி நினைவுக்கு வரும். எங்கும் ‘கோடி மென்பொருள்’ என்றே எழுதுங்கள்.

வைட்பீல்டிலிருந்து, செவ்வாய் மதியம்

ஐயா, வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தில் அமைந்த வடசொல்லைத் தொல்காப்பியர் எச்சவியலிலேயே ஏற்றுக்கொண்டாரே. மையத்தில் எந்த எழுத்து வடவெழுத்து? தேர்வு மையம், தடுப்பூசி மையம் என்று எல்லோர் வாயிலும் புழங்குகிற சொல் அது. நடுவம் என்றால் எனக்கே ஒரு நொடி நின்று படிக்க வேண்டியிருக்கிறது. தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

அக்கா, எனக்கு வேறு கவலை. கையேட்டில் கோடி, ஜெல்லிஃபின், பிளெக்ஸ் மூன்றையும் ஒரே பெயரில் அடக்கியிருக்கிறீர்கள். இவை ஒரே வகை இல்லை. கோடி 2003இல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காக எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில் வந்தது. 2014இல் பெயர் மாறியது. டிவியோடு கேபிளில் இணைந்திருக்கும் கணினியிலேயே ஓடி, அந்தத் திரையிலேயே படம் காட்டும். ஜெல்லிஃபின் அப்படி இல்லை. எம்பி என்ற மென்பொருள் தன் மூலநிரலை மற்றவர் பார்க்க முடியாதபடி மூடிக்கொண்டபோது, 2018 டிசம்பரில் அதிலிருந்து பிரிந்து வந்தது. (எம்பி என்றால் கம்பனில் ‘என் தம்பி’. பிரிந்து வந்தது இளையது என்பதால் எனக்கு அது பிடிக்கும்.) கோப்புகள் இருக்கிற கணினியில் அது பின்னணியில் ஓடும். அந்தக் கணினிக்குத் திரையே வேண்டாம். படுக்கையறை போன், கூடத்து டிவி, பிள்ளையின் டேப்லெட் என எதிலிருந்தும் அந்தக் கணினியின் முகவரியோடு 8096 என்ற எண்ணைச் சேர்த்துக் கேட்டால் படத்தை அனுப்பும். கேட்கிற கருவிக்குப் படத்தின் வடிவம் புரியாவிட்டால், ஓடும்போதே வடிவத்தை மாற்றி அனுப்பும். இந்த மாற்று வேலைக்குக் கணினியின் ப்ராசஸர் வலுவாக இருக்க வேண்டும். பழைய மடிக்கணினியில் மிகத் துல்லியமான 4கே படத்தை இப்படி மாற்றச் சொன்னால் திக்கித் திக்கித்தான் வரும்.

பிளெக்ஸ் அந்தப் பழைய எக்ஸ்பிஎம்சியிலிருந்து கிளைத்ததுதான் என்றாலும், இன்று அதுவும் அனுப்புகிற வகை. வீட்டுக்கு வெளியிலிருந்து நம் படத்தை நாமே பார்க்க 2025 முதல் அது பணம் கேட்கிறது. ஜெல்லிஃபினில் எதற்கும் கட்டணம் இல்லை.

வீட்டில் ஒரே டிவி என்றால் கோடி போதும். நாலு அறை, நாலு திரை என்றால் ஜெல்லிஃபின். வாசிப்பவருக்கு இந்த வேறுபாடு பெயரிலேயே தெரிய வேண்டும். ஆகவே நமக்கு வேண்டியது ஒரு சொல் இல்லை, இரண்டு சொல்.

ஸ்ரீராமபுரத்திலிருந்து, செவ்வாய் இரவு

எங்கள் வீட்டில் தறி இருந்தது, அதனால் ஊடு பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாவு நெடுக்கில் விறைப்பாக நிற்கும். ஊடு நாடாவுக்குள் உட்கார்ந்து குறுக்கே போய்வரும். ஊடு பாவைப் பிரிப்பதில்லை, பிணைக்கிறது. ஊடு அறுந்தால் அந்த இடத்தில் துணி பல்லிளிக்கும். இடையில் புகுந்து பிரிப்பதால் ஊடல் என்று ஐயா சொல்வதைத் தறியில் உட்கார்ந்தவர் யாரும் ஒப்ப மாட்டார்கள். கோப்புக்கும் பார்ப்பவருக்கும் இடையே ஓடி இரண்டையும் சேர்ப்பது என்று கொண்டால், ஊடகம் இந்த மென்பொருளுக்கு மிகவும் பொருந்தும்.

அல்சூரிலிருந்து, புதன் காலை

தறி எடுத்துக்காட்டுக்கு நன்றி. ஆனால் அது என் பக்கம்தான் பேசுகிறது. ஊடுதலின் பயன் கூடுதல் என்று கடைசிக் குறளே சொல்கிறது. குறுக்கே போவதும் பிணைப்பதும் ஒரே செயலின் இரண்டு முகம். இதை விரிவாக எழுத வேண்டும், பிறகு தனி மடலாக எழுதுகிறேன்.

தம்பி வைட்பீல்டு சொன்ன வேறுபாடு சரி. காட்டுகிற இடம் வேறு, அனுப்புகிற இடம் வேறு. காட்டுகிற இடத்துக்கு நடுவத்தை விட்டுவிடுகிறேன். நம்மிடம் அதைவிடப் பழைய சொல் ஒன்று இருக்கிறது: அரங்கு.

சிலம்பின் அரங்கேற்று காதையைத் திறந்து பாருங்கள். இருபத்துநான்கு விரல் கொண்டது ஒரு கோல். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். அரங்கப் பலகைக்கும் மேலே உத்தரப் பலகைக்கும் இடையே நாலு கோல். ஏழு கோல் அகலத்துக்கு நாலு கோல் உயரம் என்றால் வகுத்தால் 1.75 வருகிறது. இன்றைய டிவித் திரை பதினாறுக்கு ஒன்பது, அது 1.78. மாதவி ஆடிய அரங்கின் முகப்பும் உங்கள் வீட்டுத் திரையும் கிட்டத்தட்ட ஒரே வடிவம்!

அதே காதையில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று திரைச்சீலைகள். நிகழ்ச்சி அப்படியே இருக்க, முன்னால் தொங்குவது மட்டும் மாறுகிறது. கோடியின் ஸ்கின் செய்வதும் அதுதானே? எழினி என்று வையுங்கள்.

வைட்பீல்டிலிருந்து, புதன் காலை

ஐயா, பார்வையாளரை நோக்கி இருந்தது அகலப் பக்கமா நீளப் பக்கமா என்று தெரிந்தால்தானே அந்தக் கணக்கு நிற்கும்? எட்டை எடுத்தால் இரண்டுக்கு ஒன்று ஆகிவிடுகிறது. ஆனால் அரங்கு எனக்குப் பிடித்திருக்கிறது, படித்தவுடன் புரிகிறது. அனுப்புகிற வகைக்கு வழங்கி. அது சர்வருக்கு ஏற்கெனவே புழங்குகிற சொல். சேவையகமும் உண்டு, ஆனால் வீட்டு மூலையில் கிடக்கிற பழைய மடிக்கணினியை அகம் என்பது அதிகம்.

எழினிக்கு என் வாக்கு இல்லை. தோற்றம் போதும்.

எஸ்.பி. ரோட்டிலிருந்து, புதன் இரவு

கடை அடைத்துவிட்டு எழுதுகிறேன். வருகிற நம் ஆட்கள் யாரும் ஊடகம், நடுவம், அரங்கு எதையும் சொல்லிக் கேட்பதில்லை. “அண்ணா, பென்டிரைவ் போட்டா பாதி படம் ஓட மாட்டேங்குது, ஏதாவது பாக்ஸ் குடுங்க” என்பார்கள். கொஞ்சம் தெரிந்தவர்கள் மீடியா சென்டர் என்பார்கள். கையேட்டில் ‘வீட்டரங்கு’ என்று போட்டுவிடாதீர்கள். அது ஹோம் தியேட்டர், அதாவது ஸ்பீக்கர் செட். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் இணைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார்கள். வெறும் அரங்கு என்றால் கல்யாண மண்டபம்.

மீடியா சென்டர் என்றே தமிழ் எழுத்தில் போடுங்கள். டிவியை டிவி என்றுதானே எழுதுகிறோம்?

சொல்லோடு சேர்த்து இதையும் எழுதுங்கள். ராஸ்பெரி பை என்ற சின்னஞ்சிறு கணினியில் கோடியை லிப்ரெஎலெக் என்ற இயங்குதளத்தோடு போட்டால், ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே டிவி ரிமோட் வேலை செய்யும். சாதாரணக் கணினியில் பெரும்பாலும் அது நடக்காது, அதற்கென்று தனியாக ஒரு சிறு கருவி மாட்ட வேண்டும். வயதானவர்கள் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு படம் பார்க்க மாட்டார்கள். எந்த மென்பொருள் என்பதைவிட ரிமோட் ஓடுமா என்பதுதான் பாதி வீட்டில் முடிவு செய்கிறது.

மல்லேசுவரத்திலிருந்து, வியாழன் காலை

ரிமோட் விஷயம் கையேட்டில் இல்லவே இல்லை, மூன்றாம் பக்கத்தில் சேர்த்துவிட்டேன். நன்றி அண்ணா. இன்னும் ஒரு நாள்தான் இருக்கிறது. ஸ்கிரேப்பருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. படத்தின் கோப்புப் பெயரைப் பார்த்து இணையத்திலிருந்து சுவரொட்டி, கதைச்சுருக்கம், நடிகர் பெயர் எல்லாம் எடுத்து வருவது அது. சுரண்டி என்று ஒரு அகராதி தருகிறது. சுரண்டல் என்ற பொருளைத் தாண்டி என்னால் அதைப் படிக்க முடியவில்லை.

ஜாலஹள்ளியிலிருந்து, வியாழன் மதியம்

எல்லா மடலையும் படித்தேன். சுரண்டி வேண்டவே வேண்டாம். வலைப்பதிவுகள் பெருகிய காலத்தில் பல பதிவுகளை ஒரே இடத்தில் காட்டிய தமிழ்மணம் போன்ற தளங்களைத் திரட்டி என்றோம். அது நன்றாக நின்ற சொல். ‘விவரத் திரட்டி’ என்று போடலாம்.

அந்தத் திரட்டி சரியாக வேலை செய்ய என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லைவிடப் பெரிய எழுத்தில் போடுங்கள் அம்மா. கோப்புப் பெயரில் ஆண்டு இருக்க வேண்டும். வெறுமனே பில்லா என்று இருந்தால் அது 1980 படமா 2007 படமா என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? என் வீட்டில் ரஜினி படத்துக்கு அஜித் சுவரொட்டி வந்து உட்கார்ந்துகொண்டது. பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறியில் ஆண்டைப் போட்டுவிட்டு, விவரத்தை மறுபடி எடுக்கச் சொன்னேன். சரியாகிவிட்டது.

லைப்ரரியை நூலகம் என்று எழுத மனம் வரவில்லை, உள்ளே நூல் ஒன்றும் இல்லை. தொகுப்பு போதும். ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது, எழினி எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் கையேட்டில் தோற்றமே இருக்கட்டும்.

பெரிய சொல்லுக்கு என் வாக்கு ‘பல்லூடக அரங்கு’. ஐயாவின் பல்லூடகமும் அரங்கும் சேர்ந்தது. ஸ்பீக்கர் செட்டும் இல்லை, மண்டபமும் இல்லை.

மல்லேசுவரத்திலிருந்து, வியாழன் இரவு

இனிமேல் வருகிற சொல் எதையும் சேர்க்க நேரம் இல்லை. கோடி வகைக்குப் பல்லூடக அரங்கு, ஜெல்லிஃபின் வகைக்குப் பல்லூடக வழங்கி, அப்புறம் விவரத் திரட்டி, தோற்றம், தொகுப்பு. ஜாலஹள்ளி, வைட்பீல்டு, ஸ்ரீராமபுரம் மூவரும் சரி என்றுவிட்டார்கள். கடை அண்ணா சொன்னதற்காக முதல் பத்தியில் ஒரே ஒரு முறை ‘மீடியா சென்டர் என்று கடையில் கேட்கப்படும்’ என்று எழுதியிருக்கிறேன். முதல் பக்கத்தில் இரண்டு வகைக்கும் தனித்தனிப் படம் வரைந்துவிட்டேன்: ஒன்றில் ஒரு கணினியும் ஒரு டிவியும், மற்றதில் ஒரு கணினியும் நாலு திரையும்.

அல்சூரிலிருந்து, வெள்ளி காலை

அந்த ஒரு முறையும் வேண்டாம் என்பதே என் நிலை. முதல் பத்தியில் ஆங்கிலச் சொல்லைப் பார்த்த பிள்ளை அதைத்தான் வீட்டுக்கு எடுத்துப்போகும். பல்லூடக அரங்கு தாளிலேயே தங்கிவிடும். அச்சை நிறுத்தச் சொல்லவில்லை, மறுப்பைப் பதிவு செய்கிறேன். எழினியையும் நான் கைவிடவில்லை. ஞாயிறு எனக்குப் பத்து நிமிடம் கொடுங்கள், பிள்ளைகளிடமே கேட்கிறேன்.

எஸ்.பி. ரோட்டிலிருந்து, வெள்ளி காலை

ஐயா, வீட்டுக்கு எடுத்துப்போகும் சொல்லை வைத்துத்தானே கடைக்கு வர முடியும்? என் கருத்தும் மாறவில்லை. ஞாயிறு ஒரு ராஸ்பெரி பை, கேபிள், பில்லா இரண்டும் போட்ட பென்டிரைவ் கொண்டுவருகிறேன். மேசையில் அட்டை வைப்பதானால் இரண்டு பெயரையும் எழுதி வையுங்கள்.